கண் துடித்தால் சகுனமா, ஊசியா? டர்பன்காரர்களுக்கு ஒரு முழு போடாக்ஸ் வழிகாட்டி

பெண்ணுக்கு இடது கண் துடித்தால் நல்ல செய்தி வரும் என்பார்கள். 2012-இல் என் இடது கீழ் இமை துடிக்க ஆரம்பித்தபோது, தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நான் கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி டர்பன் வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. ஊரிலிருந்து யாரோ வரப்போகிறார்கள் என்றார் மாமியார். இரண்டு மாதமாகியும் துடிப்பு நிற்கவில்லை, ஊரிலிருந்து யாரும் வரவுமில்லை. கன்னமும் சேர்ந்து இழுத்தது. வீட்டுக்காரரின் ஆயா எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். அப்புறம் வாயோரமும் இழுக்க ஆரம்பித்தது, தூக்கத்தில்கூட.

சகுனத்திலும் திருஷ்டியிலும் ஒரு வருடம் ஓடிய பிறகுதான் நரம்பியல் மருத்துவரிடம் போனேன். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார். மூளைத்தண்டுக்குப் பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் முக நரம்பை அழுத்திக்கொண்டிருக்கிறது, போடாக்ஸ் போடலாம் என்றார். வீட்டுக்கு வந்து சொன்னதும் ஆயா கேட்ட முதல் கேள்வி: "ஏம்மா, அது நடிகைங்க போட்டுக்கிறது இல்லையா?"

அதிலிருந்து முப்பது தடவைக்கு மேல் போட்டுக்கொண்டுவிட்டேன். நான் மருத்துவர் கிடையாது. காத்திருக்கும் அறையில் நிறைய நேரம் உட்கார்ந்து, நிறையக் கேள்வி கேட்டு, வீட்டுக்கு வந்து படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். எங்கள் ஊரில் இந்த ஊசி விஷயத்தில் இரண்டு தவறு நடக்கிறது. நோய்க்காகத் தேவைப்படுகிறவர்கள் இதை அழகு ஊசி என்று நினைத்து, வெட்கப்பட்டு ஒதுங்குகிறார்கள். அழகுக்காகப் போடுகிறவர்களோ இது மருந்து என்பதையே மறந்து, எங்கே மலிவோ அங்கே போய் நிற்கிறார்கள்.

படி 1: குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியா காற்றுப் புகாத இடத்தில் வளரும்போது உண்டாக்கும் நச்சுதான் போடாக்ஸ். சரியாகப் பதப்படுத்தாத டப்பா உணவில் வரும் அதே விஷம். லத்தீனில் பொட்டுலஸ் என்றால் சாசேஜ். 1820-களில் ஜெர்மன் மருத்துவர் யுஸ்டினுஸ் கெர்னர் சாசேஜ் தின்று செத்தவர்களைப் பற்றி விரிவாக எழுதினார். இந்த விஷத்தையே ஒருநாள் மருந்தாகக் கொடுக்கலாம் என்றும் அவர் அப்போதே எழுதிவைத்தார். 1895-இல் பெல்ஜியத்தின் எல்லெசெல் கிராமத்தில் ஒரு சாவு வீட்டுக்கு வாசிக்க வந்த இசைக்குழுவினர், பதப்படுத்திய பன்றித்தொடையைச் சாப்பிட்டார்கள். அவர்களில் மூன்று பேர் இறந்துபோனார்கள். அந்த இறைச்சியிலிருந்துதான் எமில் வான் எர்மெங்கெம் இந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தார். சாவு வீட்டுச் சாப்பாட்டிலிருந்து பிறந்த மருந்து என்று ஆயாவிடம் சொன்னதும், "தீட்டு இல்லையே?" என்று கேட்டார்.

மருந்தாக்கியவர் சான்பிரான்சிஸ்கோ கண் மருத்துவர் ஆலன் ஸ்காட். மாறுகண்ணை அறுவை இல்லாமல் சரிசெய்ய வழி தேடி, முதலில் குரங்குகளிடம், பிறகு 1970-களின் இறுதியில் மனிதர்களிடம் போட்டுப் பார்த்தார். 1989 டிசம்பரில் அமெரிக்காவில் மாறுகண்ணுக்கும் இமை இறுக்கத்துக்கும் அனுமதி கிடைத்தது. கனடாவின் வான்கூவரில் ஜீன் கார்ருதர்ஸ் என்ற கண் மருத்துவரிடம் இமைக்காக ஊசி போட்டுக்கொண்ட ஒரு பெண்ணுக்குப் புருவ நடுக் கோடுகளும் மறைந்துபோயின. ஜீனும் தோல் மருத்துவரான அவர் கணவர் அலஸ்டேரும் அதை ஆராய்ந்து 1992-இல் கட்டுரை வெளியிட்டார்கள். கோடுகளுக்கு அமெரிக்க அனுமதி வந்தது 2002-இல்தான். ஆக, அழகுக்கு அனுமதி வருவதற்கு 12 வருடத்துக்கும் மேலாகவே இது கண் நோய்க்கான மருந்து. ஆயாவின் கேள்விக்கு என் பதில் இதுதான்.

வேலை செய்யும் விதம் இப்படி. நரம்பு தசையைச் சுருங்கச் சொல்ல, அதன் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற பொருளை வெளியே விட வேண்டும். அதை வெளியே தள்ளும் புரதங்களில் ஒன்று ஸ்னாப்-25. போடாக்ஸில் இருக்கும் ஏ வகை நச்சு அந்தப் புரதத்தை வெட்டிவிடுகிறது. நரம்பு உயிரோடுதான் இருக்கிறது, கட்டளை மட்டும் தசைக்குப் போய்ச் சேருவதில்லை. வியர்வைச் சுரப்பிக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் இதே கணக்கு. இரண்டு முதல் ஐந்து நாளில் தெரிய ஆரம்பித்து, இரண்டு வாரத்தில் முழுப் பலன் வரும். மூன்று நான்கு மாதத்தில் நரம்பு நுனி பழையபடி வேலைக்குத் திரும்பிவிடும். அதனால் இந்த ஊசி எந்த நோயையும் குணப்படுத்தாது, கொஞ்ச நாள் அடக்கிவைக்கும், அவ்வளவுதான்.

விஷமாச்சே என்ற பயம் வருவது இயல்பு. போடாக்ஸ் அளவில் ஒரு வளர்ந்த ஆளின் உயிருக்கு ஆபத்தானது ஏறக்குறைய 3,000 யூனிட் என்பது மதிப்பீடு. புருவ நடுவுக்குப் போடுவது 20. எனக்கு முகம் முழுவதற்கும் சேர்த்தே முப்பதைத் தாண்டியதில்லை.

இன்னொன்றும் முக்கியம். ஒரு பிராண்டின் யூனிட்டும் இன்னொரு பிராண்டின் யூனிட்டும் ஒன்றில்லை. புருவ நடுவுக்கு போடாக்ஸ் என்றால் 20 யூனிட், டிஸ்போர்ட் என்றால் 50. "அங்கே 50 யூனிட் போடுகிறார்கள், இங்கே 20 தான்" என்று யாராவது சொன்னால், மருந்தின் பெயரைக் கேட்காமல் அந்தக் கணக்குக்கு அர்த்தமே கிடையாது.

படி 2: உங்கள் தொந்தரவுக்கு இது பொருந்துமா

கண்ணிலிருந்தே தொடங்குகிறேன், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது அதுதான். கண் துடிப்பு மூன்று விதம். தூக்கம் கெட்டு, காபி அதிகமாகி, கீழ் இமையில் ஒரு இழை மட்டும் சிலிர்ப்பது முதல் வகை. சில நாள் அல்லது சில வாரத்தில் தானே போய்விடும், ஊசி வேண்டாம். இரண்டாவது, இரண்டு கண்ணும் சேர்ந்து இறுக மூடிக்கொள்வது, பிளெஃபரோஸ்பாசம். வெயிலும் வெளிச்சமும் அதை மோசமாக்கும். டர்பன் வெயிலில் கார் ஓட்டும்போது கண் தானாக மூடிக்கொண்டால் எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். மூன்றாவது எனக்கு இருப்பது: முகத்தின் ஒரே பக்கம், கண்ணில் தொடங்கி மெல்ல மெல்லக் கீழே இறங்குவது. பின் இரண்டுக்கும் போடாக்ஸ் நன்றாக வேலை செய்யும். ஒரு இடத்துக்கு ஒன்றேகால் அல்லது இரண்டரை யூனிட்டில் தொடங்கி, பார்த்துப் பார்த்துக் கூட்டுவார்கள். என்னுடைய வகைக்கு ரத்தக்குழாயை நரம்பிலிருந்து விலக்கிவைக்கும் அறுவையும் உண்டு. அது நிரந்தரத் தீர்வு தரலாம், ஆனால் மண்டை ஓட்டைத் திறக்க வேண்டும், காது கேளாமை போன்ற ஆபத்துகளும் உண்டு. நான் ஊசியைத் தேர்ந்தேன். வயது குறைந்தவர்கள் இரண்டையும் கேட்டு முடிவு செய்யட்டும்.

அடுத்து கழுத்து. எங்கள் பக்கம் காவடிக்கு மோளம் அடிக்கும் அண்ணன் ஒருவருக்குத் தலை வலது பக்கமாகத் திரும்பிக்கொண்டே போனது. காவடிக் கூட்டத்தில் தலை ஆடினால் சாமி வந்திருக்கிறது என்றுதானே நினைப்போம்! வீட்டுக்குப் போன பிறகும் சாமி இறங்கவில்லை. மோவாயை ஒரு விரலால் லேசாகத் தொட்டால் தலை நேராகும், விட்டால் திரும்பிவிடும். இந்தத் தொடு வித்தைதான் செர்விகல் டிஸ்டோனியா என்னும் கழுத்துத் திருகலின் நல்ல அடையாளம். இதற்கு அளவு கூடுதல், 200 முதல் 300 யூனிட் வரைகூடப் போகும். எந்தத் தசை இழுக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. மோவாய் ஒரு பக்கம் திரும்பினால், எதிர்ப்பக்கத்து முன்கழுத்துத் தசையும், திரும்பும் பக்கத்துப் பின்கழுத்துத் தசையும் சேர்ந்து இழுக்கலாம். அதனால் தசையின் மின்துடிப்பைக் கேட்கும் கருவியோ அல்ட்ராசவுண்டோ வைத்துப் போடுவது நல்லது. முதல் தடவையே முழு நிவாரணம் கிடைக்காது. இரண்டு மூன்று சுற்றில்தான் மருத்துவருக்கு உங்கள் கழுத்து பிடிபடும். இரண்டாவது சுற்றிலேயே வெறுத்துப்போய் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒற்றைத் தலைவலிக்குப் போடுவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி, அதில் 8 நாளாவது ஒற்றைத் தலைவலியின் குணம், இப்படி மூன்று மாதத்துக்கு மேல் என்றால்தான் இந்த ஊசி பொருந்தும். மாதம் நான்கு தடவை வருகிறது என்பவர்களுக்கு இல்லை. ஊசிக்கு முன் உங்கள் மாத்திரை டப்பாவைப் பாருங்கள். இங்கே கோடீன் கலந்த வலி மாத்திரை மருந்துக்கடைக் கவுண்டரிலேயே கிடைத்துவிடுகிறது. அதை மாதம் 10 நாளுக்கு மேல் தின்றால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். சாதாரண பாராசிட்டமால் என்றால் 15 நாள். இதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

போடும் முறை நிலையானது: நெற்றி, புருவ நடு, பொட்டுப்பக்கம், பின்மண்டை, கழுத்து, தோள் என்று 31 இடத்தில் 5 யூனிட் வீதம் 155, பன்னிரண்டு வாரத்துக்கு ஒரு முறை. இங்கே தசை தளர்வதைவிட, வலியைக் கடத்தும் நரம்பு நுனிகள் அடங்குவதுதான் முக்கியம் என்கிறார்கள். பிரிட்டனில் இரண்டு சுற்று முடிந்தும் தலைவலி நாட்கள் 30 விழுக்காடாவது குறையவில்லை என்றால் நிறுத்திவிடச் சொல்கிறார்கள். நாமும் அந்த அளவுகோலை வைத்துக்கொள்வது நல்லது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குரல் நாண்கள் இறுகி, பேச்சு திக்கித் திணறி உடைந்து வருவதற்கு குரல்வளைத் தசைக்குள் ஊசி போடுவார்கள். அதைச் செய்யப் பழகிய காது மூக்கு தொண்டை நிபுணர்கள் குறைவு. போட்ட பின் ஒன்றிரண்டு வாரம் குரல் காற்றாக வரும், தண்ணீர் புரையேறும். கோயிலில் தேவாரம் பாடுகிறவர்கள் திருவிழாத் தேதியைப் பார்த்துப் போடுங்கள். பார்க்கின்சன் வந்த பெரியவர்களுக்கு வாயில் எச்சில் ஒழுகுவதை நிறுத்த உமிழ்நீர்ச் சுரப்பிகளில் போடுவது உண்டு. காதுக்கு முன்னால் உள்ள சுரப்பியில் அறுவை செய்தவர்களுக்குச் சாப்பிடும்போது அந்தப் பக்கக் கன்னம் மட்டும் வேர்க்கும். அதற்கும் இது கைகொடுக்கும். (டர்பன் கறி தின்றால் யாருக்குத்தான் வேர்க்காது? ஒரு கன்னம் மட்டும் வேர்த்தால்தான் கணக்கு.) முகவாதம் வந்து தேறிய பிறகு, வாயை அசைத்தால் கண் மூடிக்கொள்ளும் சிக்கலுக்கும் போடுகிறார்கள். ஏப்பமே விட முடியாமல் வயிறு உப்பித் தவிப்பவர்களுக்கு உணவுக்குழாய் வாசல் தசையில் போடுவது புதிதாகப் பரவிவருகிறது. தூக்கத்தில் பல் நறநறப்பவர்கள் முதலில் பல் மருத்துவரிடம் இரவுக் கவசம் வாங்கிப் பாருங்கள். தாடைத் தசையில் ஊசி அதற்கு அடுத்த படி, மட்டன் எலும்பைக் கடிக்கும் பலம் கொஞ்ச நாள் குறையும்.

இனி அழகு. கண்ணாடி முன் நின்று புருவத்தைச் சுளியுங்கள், பிறகு முகத்தைத் தளர விடுங்கள். சுளிக்கும்போது மட்டும் தெரியும் கோடு நன்றாக மறையும். தளர்ந்த பிறகும் அப்படியே நிற்கும் கோடு லேசாகும், மறையாது. புருவ நடு, நெற்றி, கண்ணோரம் இந்த மூன்றும்தான் நம்பகமான இடங்கள். கண்ணோரத்துக்கு இரு பக்கமும் சேர்த்து 24 யூனிட் வழக்கம். நெற்றிக்கு மட்டும் போடச் சொல்லிக் கேட்காதீர்கள். புருவத்தைத் தூக்கிப் பிடிப்பது நெற்றித் தசை. அதைத் தளர்த்திவிட்டு, கீழே இழுக்கும் புருவ நடுத் தசையை விட்டுவைத்தால் புருவம் இறங்கிவிடும். வயதாகி மேல் இமை தொங்க ஆரம்பித்தவர்கள், நெற்றியைத் தூக்கித்தான் பார்வையைத் திறந்து வைத்திருப்பார்கள். அவர்களுக்கு நெற்றியில் போட்டால் பார்வையே பாரமாகும்.

நம் பெண்கள் அதிகம் கவலைப்படுவது கண்ணுக்குக் கீழே கருவளையம், கன்னத்தில் மங்கு. இரண்டுக்கும் போடாக்ஸ் ஒன்றும் செய்யாது. குழி விழுந்த இடத்தை நிரப்புவது ஃபில்லர். அது வேறு பொருள், ஆபத்தும் வேறு. இரண்டையும் ஒரே பெயரில் விற்கும் இடத்தில் உட்காராதீர்கள். உதட்டுக்கு மேல் கோடுகளுக்குப் போட்டால் உதடு குவிப்பது கொஞ்சம் பலவீனமாகும். நாதஸ்வரம், புல்லாங்குழல் வாசிப்பவர்கள் அந்த இடத்தைத் தொடவே விடாதீர்கள்.

படி 3: போடக்கூடாதவர்கள்

மயஸ்தீனியா கிரேவிஸ் போன்ற நரம்பு தசைச் சந்திப்பு நோய் உள்ளவர்கள், முன்பு இதே மருந்தால் ஒவ்வாமை வந்தவர்கள், ஊசி போடும் இடத்தில் சீழோ புண்ணோ உள்ளவர்கள் போடக்கூடாது. கர்ப்பமாக இருப்பவர்களும் பாலூட்டுபவர்களும் தள்ளிப்போடுவதே வழக்கம். விழுங்குவதிலோ மூச்சிலோ ஏற்கெனவே சிரமம் உள்ளவர்கள் முதலிலேயே சொல்ல வேண்டும். டிஸ்போர்ட்டில் பசும்பால் புரதம் கடுகளவு இருக்கலாம், பால் புரத ஒவ்வாமை உள்ளவர்கள் கவனியுங்கள். சைவக்காரர்கள் கேட்பதால் சொல்கிறேன்: போடாக்ஸிலும் டிஸ்போர்ட்டிலும் மனித ரத்தத்திலிருந்து எடுத்துச் சுத்திகரித்த ஆல்புமின் என்ற புரதம் இருக்கிறது. விரத நாளில் போடுவதா என்பது அவரவர் மனசு.

தென்னாப்பிரிக்காவில் கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு இப்போது பெரும்பாலும் மாத்திரைதான் என்றாலும், அமிகாசின் ஊசி போட வேண்டியவர்களும் இங்கே சிலர் உண்டு. அமிகாசின், ஜென்டாமைசின் வகை மருந்துகள் போடாக்ஸின் வேகத்தைக் கூட்டும். தசை தேவைக்கு மேல் தளரலாம். ஆறு மாதத்துக்குள் எடுத்த மருந்துகளை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

படி 4: யாரிடம் போட்டுக்கொள்வது

என் நாத்தனார் ஒரு கல்யாணத்துக்கு முன்னால், பாதி விலை என்ற விளம்பரத்தைப் பார்த்து ஓர் அழகு நிலையத்துக்குப் போனார். குப்பியைக் காட்டவில்லை, மருந்தின் பெயர் கேட்டால் "இறக்குமதி" என்றார்கள். பத்தாம் நாள் வலது மேல் இமை தொங்கிவிட்டது. ஐந்து வாரம். கல்யாண ஆல்பம் முழுக்க அவர் வலது பக்கத்தை யாருக்கும் காட்டாமல் நிற்கிறார். இமை தொங்குவது நல்ல மருத்துவரிடமும் எப்போதாவது நடக்கும். ஆனால் இங்கே திரும்பிப் போய்க் கேட்கப் பொறுப்பான ஆளே இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

தென்னாப்பிரிக்காவில் இது ஷெட்யூல் 4 மருந்து, மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாது. அழகுக்கலைப் பெண் தானே வாங்கித் தானே போட இடமில்லை. போடுகிறவரின் பெயரை எச்.பி.சி.எஸ்.ஏ. என்னும் மருத்துவத் தொழில் கவுன்சிலின் இணையப் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். இரண்டு நிமிட வேலை. அதைப் பார்த்துவிட்டு நேரில் இவற்றைக் கேளுங்கள்: மருந்தின் பிராண்ட் என்ன, எத்தனை யூனிட், எந்தெந்தத் தசை, குப்பியின் காலாவதித் தேதி என்ன, இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் பார்ப்பீர்களா, கோளாறானால் எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும். இந்தக் கேள்விகளால் கோபப்படுகிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம். போலிக் குப்பிகள் அமெரிக்காவிலேயே 2024-இல் ஆட்களை மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கின்றன.

ஃப்ரிட்ஜையும் கேளுங்கள். திறக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். உப்பு நீர் கலந்தபின் ஒரு நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்பது தயாரிப்பாளர் விதி. 2023-இல் லோட்ஷெடிங் உச்சத்தில் இருந்தபோது நாளெல்லாம் கரண்ட் போய்ப் போய் வந்தது நினைவிருக்கும். ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ இல்லாத இடத்தில் அந்தக் குப்பி எத்தனை தடவை சூடாகி ஆறியதோ! நான் இதைக் கேட்டபோது எங்கள் மருத்துவர் சிரித்துக்கொண்டே ஃப்ரிட்ஜைத் திறந்து வெப்பமானியைக் காட்டினார்.

நோய்க்காக என்றால் வழி வேறு. கையில் மெடிக்கல் எய்ட் என்னும் தனியார் மருத்துவக் காப்பீடு இல்லாதவர்கள் அரசு கிளினிக்கில் தொடங்க வேண்டும். சாட்ஸ்வர்த்காரர்களுக்கு ஆர்.கே. கான் மருத்துவமனை பக்கம். அங்கிருந்து தேவைப்பட்டால் இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மத்திய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அங்கே பரிந்துரைக் கடிதம் இல்லாமல் நேரே போய் நிற்க முடியாது. துடிப்பு வரும் நேரத்தில் போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முன்னால் உட்காரும் அந்தப் பத்து நிமிடம் மட்டும் முகம் சமர்த்தாக இருக்கும். எனக்கு அப்படித்தான் நடந்தது.

படி 5: பணம்

அழகுக்கு என்றால் எந்த மெடிக்கல் எய்டும் தராது. யூனிட் கணக்கில் ரேண்ட் சொல்வார்கள், மொத்தம் எத்தனை யூனிட் என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். நோய்க்கு என்றால் முன் அனுமதி வாங்க வேண்டும். மருத்துவர் எழுதும் மோட்டிவேஷன் லெட்டர்தான் உயிர்நாடி. நோயின் பெயர், குறியீடு, எவ்வளவு நாளாக, முன்பு என்னென்ன மருந்து பலிக்கவில்லை, வேலையும் வண்டி ஓட்டுவதும் எப்படிக் கெட்டது, எத்தனை யூனிட், எத்தனை வாரத்துக்கு ஒரு முறை என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். எனக்கு முதல் தடவை மறுத்தார்கள். வீடியோவையும் எம்.ஆர்.ஐ. அறிக்கையையும் சேர்த்து மேல்முறையீடு செய்தபின் கிடைத்தது. மறுப்புக் கடிதத்தைக் கண்டு சோர்ந்துவிடாதீர்கள், இரண்டாம் முறை எழுதுங்கள்.

படி 6: ஊசி நாளும் அதற்கு முன்னும்

மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை போன்றவை ரத்தக்கட்டைக் கூட்டலாம், ஒரு வாரம் முன்பு நிறுத்தலாமா என்று கேளுங்கள். இதயத்துக்காக மருத்துவர் எழுதிய ஆஸ்பிரினையோ ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தையோ நீங்களாக நிறுத்தவே கூடாது. கல்யாணம், காதுகுத்து என்று விசேஷம் இருந்தால் ஒரு மாதம் முன்பே போட்டுவிடுங்கள். பலன் தெரிய இரண்டு வாரம், திருத்த வேண்டியிருந்தால் இன்னும் இரண்டு வாரம். தைப்பூசத்திலோ சித்ரா பௌர்ணமியிலோ கன்னத்தில் அலகு குத்துபவர்கள் ஊசியையும் அலகையும் பக்கத்துப் பக்கத்து வாரத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் யோசனை. நாக்கில் வேல் குத்திக்கொண்டு சிரிக்கும் என் மைத்துனர், முடி போன்ற இந்த ஊசியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது வேறு கதை.

மேக்கப் இல்லாமல் போங்கள். தளர்ந்த முகம், சுளித்த முகம், சிரித்த முகம் என்று மூன்று படம் எடுக்கச் சொல்லுங்கள். ஊசி எறும்புக் கடி போலத்தான் இருக்கும். கண்ணைச் சுற்றி ஐந்தாறு குத்து, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். தலைவலிக்கான 31 குத்துக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

படி 7: வீட்டுக்கு வந்த பிறகு

நாலு மணி நேரம் படுக்காதீர்கள், குனிந்து வேலை செய்யாதீர்கள், போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள் என்பார்கள். இதற்கு ஆதாரம் அவ்வளவு பலமில்லை, ஆனாலும் செய்வதில் நட்டமில்லை. நமக்கு நடைமுறையில் இப்படி: புருவ நடு ஊசி விழுவது சரியாகப் பொட்டு வைக்கும் இடத்தில். அன்று குங்குமமும் ஸ்டிக்கர் பொட்டும் வேண்டாம், கோயிலில் விபூதியைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். விழுந்து கும்பிடுவதை மறுநாள் வைத்துக்கொள்ளலாம். தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பதும் அன்று கிடையாது. பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள் "ஒன்றும் வேலை செய்யவில்லை" என்று தோன்றும். பதினாலாம் நாள் வரை பொறுங்கள்.

படி 8: ஏதாவது தவறினால்

சின்ன ரத்தக்கட்டு, ஓரிரு நாள் தலைவலி சகஜம். மேல் இமை தொங்கினால், மருந்து இமையைத் தூக்கும் தசைக்குப் பரவியிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு முதல் ஆறு வாரத்தில் பெரும்பாலும் சரியாகும். அதுவரை அப்ராக்ளோனிடின் சொட்டு மருந்து இமையை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூக்கும், கண் மருத்துவரிடம் கேளுங்கள். புருவத்தின் வெளிநுனி வில்லன் மாதிரி மேலே ஏறிவிட்டால், அங்கே ஓரிரு யூனிட் போட்டு இறக்கிவிடலாம். எனக்கு ஒருமுறை கண் முழுதாக மூடவில்லை, ராத்திரியில் கண் காய்ந்து எரிந்தது. செயற்கைக் கண்ணீர்ச் சொட்டும், தூங்கும்போது களிம்பும் போட்டு ஓட்டினேன். கண் சிவந்து, வலித்து, பார்வை மங்கினால் அப்படி நாளைத் தள்ளக்கூடாது, அன்றே காட்ட வேண்டும். கழுத்து ஊசிக்குப் பின் சோறு தொண்டையில் நின்றால் குழையவைத்துச் சாப்பிடுங்கள், மோவாயைக் கீழே தாழ்த்தி விழுங்குங்கள், மருத்துவருக்கும் சொல்லுங்கள்.

விழுங்கவே முடியவில்லை, மூச்சு வாங்குகிறது, பேச்சு குழறுகிறது, உடம்பெல்லாம் பலவீனமாகிறது என்றால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் கேஷுவல்டிக்குப் போங்கள், அல்லது ஆம்புலன்ஸுக்கு 10177-ஐ அழையுங்கள். மருந்து தூரத்துத் தசைகளுக்குப் பரவியதன் அடையாளம் இது. சில மணி நேரத்திலும் வரலாம், சில வாரம் கழித்தும் வரலாம். அரிதுதான், ஆனால் "பக்கத்து வீட்டு ஆண்டியிடம் கேட்டுப் பார்ப்போம்" என்று உட்காரும் விஷயமில்லை.

படி 9: அடுத்த தடவை

பன்னிரண்டு வாரத்துக்கு முன்பே மறுபடி போடாதீர்கள். அடிக்கடியும் அதிகமாகவும் போட்டால் உடம்பு எதிர்ப்புப் புரதம் உண்டாக்கி, மருந்து பலிக்காமல் போக வாய்ப்பு உண்டு. முகத்துக்குப் போடும் சின்ன அளவில் அது அரிது.

என்னிடம் ஒரு பழைய பள்ளி நோட்டு இருக்கிறது. தேதி, பிராண்ட், குப்பியின் தொகுதி எண், எந்த இடத்தில் எத்தனை யூனிட், எந்த நாள் துடிப்பு அடங்கியது, எந்த நாள் திரும்பியது என்று ஒவ்வொரு தடவையும் எழுதுவேன். மருத்துவர் மாறும்போது இந்த நோட்டுதான் என் மருத்துவ வரலாறு. கன்னத்தில் இரண்டரை யூனிட் போட்டபோது சிரிப்பு கோணியதும், ஒன்றேகாலுக்கு இறக்கியதும் நேரானதும் அதில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் அடுத்த தேதி. அதற்கு ஒரு வாரம் முன்பு கீழ் இமை மெல்லத் துடிக்க ஆரம்பிக்கும். மாமியார் இப்போதும் கேட்பார், யாராவது ஊரிலிருந்து வருகிறார்களா என்று.